ஐந்தடுக்கு வளையும் ஒற்றையடிப் பாதையும்

செம்மண் மேட்டில் முப்பது முயல்கள் வளை தோண்டி வாழ்ந்தன. மேட்டுக்குக் கீழே குளம். நடுவே அடர்ந்த முட்புதர். அதன் ஊடே ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை.

அந்த ஆண்டு ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையோர வளைகளெல்லாம் மூழ்கின. வீடிழந்த முயல்கள் நனைந்த குட்டிகளோடு மேட்டுக்கு வந்தன. மேட்டின் தலைவரான முள்ளம்பன்றிக்கு மனம் இளகியது.

"எல்லோரும் இங்கேயே தங்குங்கள்! வளையை ஓர் அடுக்கு கூட்டி இடம் கொடுப்பவருக்குக் கிழங்குக் காட்டில் ஒரு பாத்தி பரிசு!" என்று அறிவித்தார்.

அதே மேட்டில் வாழ்ந்த பெருச்சாளி தொப்பையனின் மீசை துடித்தது.

"ஓர் அடுக்குக்கு ஒரு பாத்தியா? அப்படியானால் எனக்கு ஐந்து!"

அன்றே தோண்டத் தொடங்கினான். மற்றவர்களும் விடவில்லை. பத்தே நாளில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. தும்பை என்ற தாய் முயல் தன் நான்கு குட்டிகளையும் காய்ந்த புல்லில் படுக்கவைத்து, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது!

இருநூறு முயல்கள் பாதையில் இறங்கின. போகிறவர்களும் வருகிறவர்களும் நடுவழியில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றார்கள்.

"நீ பின்னால் போ!"

"எப்படிப் போவது? என் முதுகில் மூன்று பேர் நிற்கிறார்கள்!"

கூட்டத்தின் நடுவே மெல்ல நடந்துகொண்டிருந்த ஓர் ஆமையைக் கண்டு எல்லோரும் கத்தினார்கள். "எல்லாம் இந்த ஆமையால்! இனி இவன் பாதையில் வரக் கூடாது!"

பாவம், ஆமை விலகிப் போனது. அடுத்த நாள் ஆமை வரவில்லை. நெரிசல் மட்டும் தவறாமல் வந்தது.

என்னவென்று பார்க்கத் தலைவரே பாதையில் இறங்கினார். அவர் முட்கள் புதரில் மாட்டிக்கொண்டன. பாதை அடைத்தே போயிற்று!

அந்த நேரம் பார்த்துக் குளக்கரைக்கு ஒரு நரி வந்தது. அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தும்பை குட்டிகளை இழுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினாள். நுழைய ஓர் இடுக்குகூட இல்லை.

"ஐயோ, வழி விடுங்கள்!"

"தும்பை! இந்தப் பக்கம் வா!" என்று புதருக்கு அடியிலிருந்து ஆமையின் குரல் கேட்டது. பாதையில் விடாததால், ஆமை தனக்கென்று புதருக்கு அடியில் மண்ணைப் பறித்து ஒரு வழி செய்திருந்தது. தும்பையும் குட்டிகளும் அதில் புகுந்து மேட்டுக்குத் தப்பினார்கள். பின்தொடர்ந்த நரி, மூக்கில் முள் குத்தி ஊளையிட்டுக்கொண்டே ஓடியது. பிறகு முயல்கள் தலைவரைப் புதரிலிருந்து இழுத்து விடுவிக்க, எல்லோரும் மேட்டில் கூடினார்கள்.

"வந்தவர்களைத் துரத்துங்கள்! எல்லாம் சரியாகிவிடும்!" என்றான் தொப்பையன்.

"அவர்களைக் காட்டித்தானே ஐந்து பாத்தி வாங்கினாய்?" என்று கேட்டாள் தும்பை. "நாங்கள் வந்ததில் தப்பில்லை, தலைவரே. இத்தனை பேரும் எந்த வழியாக நடப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை!"

தலைவர் தலையைச் சொறிந்தார். "நான்தான் யோசிக்கவில்லை, அம்மா. ஆமையே, உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பாத்தி வாங்கியவர்கள் எல்லோரும் நாளையே வழி வெட்ட வேண்டும்! அதிகம் வாங்கியவர் அதிகம் வெட்ட வேண்டும்!"

"ஐயையோ, என் இடுப்பு!" என்று அலறினான் தொப்பையன். மேடே சிரித்தது.

ஒரு வாரத்தில் குளத்துக்கு மூன்று வழிகள் ஆயின. போக ஒன்று, வர ஒன்று, மெதுவாக நடப்பவர்களுக்கு ஒன்று. ஆற்றங்கரையிலிருந்து இன்னும் பத்துக் குடும்பங்கள் வந்தபோது, மேடு அவர்களையும் மகிழ்ச்சியோடு வரவேற்றது.

பலர் குடியிருக்க இடம் கொடுப்பது நல்லது. அவர்கள் போய்வர வழியையும் சேர்த்துக் கொடுப்பதே அறிவுடைமை.