விறகுக்கட்டு நிமிர்த்திய நந்தி

முள்ளிக்கரைச் சிவன் கோயில் மடைப்பள்ளிக்கு அன்றாடம் விறகு தந்தவர் கொன்றையம்மையார். சாய்த்த மரத்தின் கீழ் அகப்பட்டுக் கணவர் இறந்தபின், அவருடைய கோடரியைத் தாமே எடுத்து விறகு பிளந்து பிழைத்தவர். சுவாமிக்குச் சோறு வேகும் அடுப்புக்கு முதற்கட்டைப் போட்ட பிறகே மற்றவர்க்கு விற்பார். சுமையை இறக்கிவிட்டு, தலையில் சுமைக்கு அடியில் வைத்த துணிச் சும்மாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நந்தியின் பின்னால் குனிந்து, இரு கொம்புகளுக்கு நடுவே இறைவனைக் கண்டு கும்பிடுவார். அவருக்குத் தெரிந்த பூசை அவ்வளவே.

ஒரு நாள் அப்படிக் குனிந்தவருக்குக் கருவறைப் படி மட்டும் தெரிந்தது. ஐப்பசி மழையில் மண் இளகி, நந்தியின் முன்பக்கம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

மணியக்காரர் வீரபாகு பன்னிரண்டு ஆட்களை அழைத்து, நந்தியின் கழுத்தில் வடம் பூட்டி இழுக்கச் செய்தார். வடம் அறுந்து கொம்பை உரசிக்கொண்டு போனது. ஆட்கள் மல்லாந்து விழுந்தார்கள். கொம்பு உடைந்திருந்தால் அது பின்னமான திருவுரு. அதற்குப் பிறகு பூசை கிடையாது.

"இன்னொரு தரம் இழுத்தா கொம்பு போயிரும். வர்ற பிரதோஷத்துக்குள்ள நிமிரலேன்னா, இதைக் குளத்துல இறக்கிட்டுப் புதுசு வைக்க வேண்டியதுதான்" என்றார் மணியக்காரர்.

அம்மையார் முன்னே வந்தார். "ஐயா, நான் நிமித்திப் பாக்குறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். "ஆத்தா, பன்னெண்டு பேரு மண்ணுல உருண்டிருக்கோம். நீ ஊதித் தூக்கப் போறியா?"

"ஊதுற வேலை உங்களுக்குப்பா. நான் விறகுக்காரி, நெம்புவேன்."

பெரிய அடிமரங்களைத் தனியாளாகப் புரட்டிப் பழகிய கை அது. ஒன்பது சாண் நீளமுள்ள வேலங்கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் முனையை நந்தியின் பீடத்துக்கு அடியில் செருகினார். கல்லில் கீறல் விழாதிருக்கத் தம் சும்மாட்டை இடையில் வைத்தார். விறகுக்காரர் வழக்கப்படி, கைக்கு அகப்பட்ட கட்டை ஒன்றைக் கம்புக்கு முட்டாகக் கொடுத்து அமுக்கினார். கம்பு இறங்கியது. நந்தி அசையவில்லை. முட்டுதான் ஈர மண்ணுக்குள் போயிருந்தது. காட்டில் காய்ந்த தரையில் செல்லும் வழக்கம் இங்கே செல்லவில்லை.

மறுநாள் வீட்டு அம்மிக்கல்லைச் சுமந்துவந்து முட்டுக்கு அடியில் வைத்தார். முட்டுக்கட்டையை நந்திக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். கம்பில் மிச்சம் எட்டுச் சாண் அவர் பக்கம் இருந்தது. நந்தி பக்கம் ஒரு சாண், கைப் பக்கம் எட்டுச் சாண் என்றால், கை அமுக்கும் கனம் அங்கே எட்டு மடங்காகப் போய்ச் சேரும். அதற்கு ஈடாகக் கை எட்டு விரற்கடை இறங்கினால் கல் ஒரு விரற்கடைதான் உயரும். அம்மையாருக்கு அது போதும். உடல் முழுவதையும் கம்பின் மேல் சாய்த்தார். நந்தியின் இடது மூலை எழுந்தது!

ஆனால் கையை எடுத்ததும் திரும்ப இறங்கிவிட்டது. எழுந்த இடைவெளியில் ஆப்புச் செருக வேண்டும். செருகப் போனால் கம்பை விட வேண்டும். விட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும். துணைக்குக் கூப்பிட்டார். கொம்பு உடைந்தால் பாவம் நம் தலையில் என்று ஒருவரும் வரவில்லை. கம்பின் நுனியைத் தாழ்த்தி, தரையில் பதிந்த கல் ஒன்றோடு கட்டிப் பார்த்தார், கயிறு நெகிழ்ந்தது. நாட்கள் போயின.

"விட்டுடேன் அம்மா, உன்னால ஆகாது" என்றார் குருக்கள் இரக்கத்தோடு.

"தூக்குறவரு உள்ள இருக்காரு சாமி. எங்க பிடிக்கணும்னு தேடுறது மட்டுந்தான் என் வேலை" என்றார் அம்மையார். கண்ணில் ஈரமில்லை, குரலில் தளர்ச்சியில்லை.

பிரதோஷ நாளும் வந்தது. காலையில் வழக்கம்போல் பச்சை விறகுக்கட்டோடு வந்தார். தலைச்சுமையை இறக்க ஒரு கை உதவி வேண்டும். இல்லையென்றால் சுமைதாங்கிக் கல் வேண்டும். அன்று மடைப்பள்ளி வாசலில் ஆளில்லை. இடுப்புயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த வேலங்கம்பின் நுனி கண்ணில் பட்டது. அதன்மேல் சுமையைச் சரித்தார்.

கம்பு மெல்லத் தாழ்ந்தது. நந்தியின் மூலை எழுந்தது. எழுந்தது அப்படியே நின்றது.

அம்மையார் தம் இரு கைகளையும் பார்த்தார். இரண்டும் சும்மா இருந்தன.

கட்டு நழுவாமல் கயிற்றால் பிணைத்து, ஓடிப்போய் ஆப்பைச் செருகினார். பிறகு வலது மூலைக்குக் கம்பை மாற்றி, தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து முன்போல் கம்புக்கும் கல்லுக்கும் இடையில் வைத்தார். இருபுறமும் மாறிமாறி உயர்த்தி, ஆப்பு இருந்த இடமெல்லாம் பலகைக் கல்லும் சரளையும் இட்டுக் கெட்டித்தார். வெயில் சாயும்போது நந்தி நேராக அமர்ந்திருந்தது. கம்பை உருவியவர் சும்மாட்டைத் தேடினார். அதைக் காணவில்லை.

மணியக்காரர் வந்து பீடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு விறகுக்கட்டா? இது எனக்கு ஏன் தோணலே ஆத்தா?"

"நீங்க தலையில சுமை ஏத்தினதில்லையே ஐயா."

பிரதோஷ வேளையில் குருக்கள் பூட்டைத் திறந்து திரையை விலக்கினார். மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டிய பழந்துணிச் சும்மாடு ஒன்று, இறைவன் திருமுடிமேல் இருந்தது.

"உச்சிக்கால பூசை முடிச்சுப் பூட்டினவன் நான். இப்பத் திறந்தவனும் நான்" என்றார் குருக்கள். "அம்மா, உன் சுமைக்கு அவரும் தலை கொடுத்திருக்கார்."

அம்மையார் நந்தியின் பின்னால் குனிந்தார். இரு கொம்புகளுக்கு நடுவே, தம் சும்மாட்டைச் சூடிய பெருமானைக் கண்ணாரக் கண்டார்.

ஈசனுக்கே சும்மாடு தந்த கொன்றையம்மையாரின் திருவடி வாழ்க. அவர் செய்தது இதுதான்: அம்மிக்கல்லின் மேல் முட்டு, முட்டுக்கு ஒரு சாணில் நந்தி, எட்டுச் சாணில் விறகுக்கட்டு, எழுந்த இடைவெளியில் ஆப்பு.