நாற்பத்திரண்டு வீட்டுக் காவல்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு மத்தியானத் தூக்கம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், ஆவுடை என்றொரு பெண் இருந்தாள். அரசனுடைய வெற்றிலைப் பெட்டியைச் சுமக்கும் அடைப்பைக்காரி. அரண்மனையில் அவளுக்கு வேலை இரண்டு. வெற்றிலை மடித்துக் கொடுப்பது ஒன்று. அரசன் சொன்னதைச் சொன்னபடியே செய்வது இன்னொன்று. சபை கலங்குவது இரண்டாவதில்தான்.

ஒருமுறை தளவாய் வயிரவநாதர் தாம் வென்ற போரைச் சபையில் விவரித்துக்கொண்டிருந்தார். யாரோ மெல்ல எழுந்து போகப் பார்த்தார். "தளவாய் பேசி முடிக்கும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு எழக்கூடாது" என்றான் அரசன். ஆவுடை உடனே ஆள் அனுப்பி, சபையிலிருந்த எழுபது பேருக்கும் பாயும் தலையணையும் வரவழைத்து, அவரவர் இடத்திலேயே விரித்துப் போட்டாள். தளவாயின் கதையில் படை அப்போது ஆற்றைக்கூடக் கடந்திருக்கவில்லை. அரசன் சிரித்த சிரிப்பில் அவன் கழுத்து முத்துமாலை அறுந்து உருண்டது. அன்றிலிருந்து தளவாய் ஆவுடையின் கையால் வெற்றிலை வாங்குவதில்லை.

அவள் விகடம் செய்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. வெற்றிலைப் பெட்டியோடு நிற்கும் ஒரு பெண் 'முடியாது' என்று சொல்ல அந்தச் சபையில் வழியில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவதுதான் அவளுக்குத் தெரிந்த மறுப்பு. மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததால் அவள் தலை தப்பியது.

ஒரு நாள் ஈச்சங்குடியின் மணியக்காரர் கொம்பையா சபைக்கு வந்தார். ஈச்சங்குடி நாற்பத்திரண்டு வீட்டு ஊர். அதன் காவல்காரர் முட்டி வலி முற்றிப்போய் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அடுத்த காவலுக்கு யாரை வைப்பதென்று ஊர் கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசமாப் பேசுறோம் மகாராசா" என்றார் கொம்பையா. "உள்ளூர் ஆளைப் போடலாம்னா, மச்சான் மாட்டை அவுத்துவிட்டா அவன் கண்ணுக்குத் தெரியாதுங்கிறாங்க. பக்கத்துப் பெரிய ஊருக் காவக்காரனைப் பாதி நாளுக்குக் கேக்கலாம்னா, களவும் அதே பாதி நாள்ல வருமாங்கிறாங்க. அரமனைச் சிப்பாய்களக் கேக்கலாம்னா..."

தளவாயைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"கேட்கலாம் என்றால்?" என்றார் தளவாய்.

"எங்க ஊர்ல கோழி கொஞ்சம் கம்மிங்க."

அரசனுக்குச் சாப்பாடு முடிந்து தூக்கம் வரும் நேரம். அந்த நேரத்தில் அவனுக்கு யோசனைகள் எளிதாக வரும்.

"இதில் என்ன குழப்பம்? உள்ளூர்க்காரன் ஆட்களை அறிவான், ஆனால் ஒட்டுறவு உண்டு. வெளியூர்க்காரனுக்கு ஒட்டுறவில்லை, ஆனால் ஆட்களை அறியான். ஆகவே, ஊரில் ஒவ்வொருவரையும் அறிந்தவராக, ஒருவரோடும் ஒட்டுறவு இல்லாதவராக ஒருவரை வைத்துவிட்டால் தீர்ந்தது!"

சபை தலையாட்டியது. தளவாய் முன்னால் வந்தார்.

"அருமையான யோசனை, மன்னவா. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து நிறுத்த ஆவுடையைவிடத் தகுந்தவர் யார்? சொன்னதைச் சொன்னபடியே செய்பவள் ஆயிற்றே. பதினைந்தாம் நாள் சபையில் நிறுத்தட்டும். முடியாவிட்டால் என்னுடைய சிப்பாய்கள் முப்பது பேர் ஈச்சங்குடியிலேயே தங்கிக் காவலைப் பார்த்துக்கொள்வார்கள். வெற்றிலைப் பெட்டியையும் வேறு கைக்கு மாற்றிவிடலாம்."

"ஆகட்டும்" என்றான் அரசன், கண்ணை மூடியபடி.

கொம்பையாவின் முகம், கடைசிக் கோழியும் போய்விட்டவர் முகமாக மாறியிருந்தது.

மூன்றாம் நாள் ஆவுடை ஈச்சங்குடிக் களத்துமேட்டில் ஊர்க்கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தாள். "இந்த ஊர்ல எல்லாரையும் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டாள்.

எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போய்த் திரும்பியது. இரண்டு பாதைகள் சந்திக்கும் முனையில் தனியாக ஒரு வீடு இருந்தது.

"யாரு வீடு அது?"

"பேராச்சி வீடு" என்றார் கொம்பையா, வாயைத் திறக்காமலே.

"அவ பேரை ஏன் எடுக்கிறீக?" என்றாள் செக்குக்கார வீட்டு வடிவு. "எங்க வீட்டோட பேச்சு நின்னு நாலு வருசமாச்சு."

"எங்களோட ஆறு வருசம்."

"எங்களோட போன தையிலதான் நின்னுது" என்றான் ஒருவன், பந்திக்குப் பிந்தி வந்தவனைப் போல.

பேராச்சி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளையில்லை. கணவன் இறந்து பதினோரு வருடம். முனை வீடு என்பதால் எல்லாம் அவள் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதை அவள் வாயால் சொன்னாள். வரப்புக்கல்லை நகர்த்தியது யார், யார் வீட்டுக் கன்று யார் எள்ளில் மேய்ந்தது, யார் மகன் யார் புளியமரத்தில் ஏறினான். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. நாற்பத்தொரு வீடுகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டன.

பேச்சை நிறுத்துவதற்கு ஈச்சங்குடியில் முறை உண்டு. ஆளோடு பேசக்கூடாது. அவசியமானதை அந்த ஆள் காதில் விழும்படி கோழியிடமோ சுவரிடமோ தூணிடமோ சொல்லலாம். ஊர் பேராச்சியிடம் சுவர்கள் வழியாகப் பேசியது. பேராச்சியிடம் ஓர் ஆடு இருந்தது.

"ஏ செவலை" என்றாள் பேராச்சி, ஆவுடை வாசலில் வந்து நின்றதும். "யாரோ அரமனைப் பொம்பளை வந்திருக்கா. நிக்கிறாளா, உக்காருறாளான்னு கேளு."

ஆவுடையோடு அவளுக்குச் சண்டை ஒன்றுமில்லை. வாய்க்கு அப்படிப் பழகிவிட்டது. ஆவுடை ஆட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"செவலை, ஊர்க்காவலுக்கு ஆள் தேடி வந்திருக்கேன். உங்க வீட்டம்மா வருவாங்களா?"

"இப்ப மட்டும் என்ன பண்ணிக்கிட்டிருக்கேனாம்? அதுக்குத்தான ஊரே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது. மோர் குடிப்பாளான்னு கேளு."

மாடத்தில் இரண்டு பித்தளைத் தம்ளர்கள் இருந்தன. ஒன்று பழுப்பேறி, நசுங்கி, விளிம்பு தேய்ந்தது. மற்றது புதிது போல மின்னியது, ஒரு கீறல் இல்லை. பேராச்சி புதியதை எடுத்தாள். சுத்தமாக இருந்ததை மறுபடி துடைத்தாள். மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடிக்கிறவளைப் பார்க்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோடும் ஒட்டாத ஒருத்தியைத் தேடி வந்த ஆவுடைக்கு, தேடியது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சுண்ணாம்பு கூடிப்போன வெற்றிலையைப் போல ஏதோ ஒன்று நாக்கைச் சுட்டது. இந்த மனுஷியின் தனிமையை எடுத்துக்கொண்டு போய்த்தான் தன் பெட்டியைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறோம் என்று தோன்றியது. மோரைக் குடித்து முடித்து, பதினான்காம் நாள் வந்து அழைத்துப் போவதாக ஆட்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செய்தி தளவாய்க்குப் போயிற்று. அவர் முட்டாள் அல்ல. ஒட்டுறவு இல்லாதவளை ஒட்டவைத்துவிட்டால் ஆவுடையின் கதை முடிந்தது. இதைப் பிறரிடம் நம்பிக் கொடுக்க மனமில்லாமல் தாமே புறப்பட்டார். ஒன்பது நாளில் நாற்பத்தொரு வீடும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, சண்டை எதனால் வந்தது என்று முதலிலிருந்து பொறுமையாகக் கேட்டார். போரில்கூட அவர் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

"பாவம் அம்மா அந்தப் பேராச்சி" என்றார் வடிவிடம். "உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். உன்னைப்போல ஒரு மனுஷி இந்த ஊரில் உண்டா என்கிறாள்."

"அவளா? அழுதாளா?"

"என் கண்ணால் பார்த்தேன்."

நாற்பத்தொரு வீட்டிலும் இதையே சொன்னார்.

பதினான்காம் நாள் காலையில் ஆவுடை முனை வீட்டுக்கு வந்தபோது வாசலில் நிற்க இடமில்லை. ஊரே அங்கே இருந்தது. முறுக்கும் கொழுக்கட்டையும் தட்டுத் தட்டாக வந்துகொண்டிருந்தன. பேராச்சியை ஒருத்தி அத்தை என்றாள், ஒருத்தி மதினி என்றாள், கொம்பையா தங்கச்சி என்றார். பேராச்சி எல்லோருக்கும் நேராக முகம் பார்த்துப் பதில் சொன்னாள். சில சொற்கள் உடனே வரவில்லை. ஆடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு குழம்பி நின்றது.

ஆவுடைக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கூடவே, இதைக் கலைக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பதும் விளங்கியது. 'வரப்புக்கல்லை நகர்த்தினது யாரும்மா?' என்று இப்போது கேட்டால் பேராச்சி உண்மையைச் சொல்லிவிடுவாள். தட்டுகள் திரும்பிப் போகும். நாளை சபையில் நிறுத்த, ஒருவரோடும் ஒட்டுறவு இல்லாத பேராச்சி கிடைப்பாள். ஊரும் முப்பது சிப்பாய்களிடமிருந்து தப்பும்.

வாயைத் திறந்தாள். மின்னும் தம்ளர் வடிவின் கையில் இருந்தது. மிடறு மிடறாகப் பானகம் குடித்துக்கொண்டிருந்தாள், பேராச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகு, பெட்டி இல்லாத கை எப்படி இருக்கும் என்று தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நீ எனக்காக அழுதேன்னு தளவாய் சொன்னதும் முறுக்குக்கு மாவு இடிக்க உக்காந்துட்டேன் மதினி" என்றாள் வடிவு.

"நான் எப்படி அழுதேன்?" என்றாள் பேராச்சி. அவளுக்குப் பொய் வராது. "உன்ன நெனச்சு நான் அழுததே இல்லியே."

"எனக்காகத்தான அழுதேன்னாரு?" என்றார் கொம்பையா.

"எங்க வீட்டுக்காக இல்ல?"

கொஞ்ச நேரத்தில் நாற்பத்தொரு அழுகையும் கணக்குக்கு வந்தன. யாரும் எழுந்து போகவில்லை. கையில் முறுக்கு இருந்தது, பாதி தின்றாகிவிட்டது. ஆனால் இவ்வளவு அவமானத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமே.

"வீடு வீடா வந்து நம்ம வயித்துல இருக்கறதையெல்லாம் கறந்துக்கிட்டுப் போயிருக்கான்யா" என்றார் கொம்பையா. "இன்னயிலிருந்து அந்தத் தளவாயோட இந்த ஊருக்குப் பேச்சு கிடையாது."

ஐந்து மாதமாக எதிலும் ஒத்துப்போகாத ஊர், அதில் ஒத்துப்போயிற்று.

"ஒரு வீடுகூட மிச்சமில்லாமலா?" என்று கேட்டாள் ஆவுடை.

"நாப்பத்திரண்டும்" என்றாள் பேராச்சி.

"சரி. நாளைக்கு வீட்டுக்கு ஒருத்தர் சபைக்கு வந்துருங்க" என்றாள் ஆவுடை.

மறுநாள் சபையில் தளவாய் முகம் மலர்ந்திருந்தார்.

"மன்னவா, ஆவுடை கொண்டுவந்திருக்கும் இந்த அம்மாளுக்கு ஊர் முழுதும் ஒட்டுறவு. நேற்று ஊரே அவள் வீட்டில் விருந்துண்டது."

"எந்த வீட்டோடு என்ன ஒட்டு என்று தளவாய் எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்" என்றாள் ஆவுடை.

தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதல் வீடு மணியக்காரர் கொம்பையா. வரப்புக்கல்லை இரண்டு முழம் நகர்த்தியவர். பேராச்சி அதைச் சொன்னதால் பகை, இப்போது தங்கை முறை. இரண்டாவது செக்குக்கார வடிவு. இவளுடைய கன்று எள்ளில் மேய்ந்தது. மூன்றாவது வீட்டு மூத்த மகனுக்குப் புளியமரம்..."

நிறுத்தவில்லை. நாற்பத்திரண்டாவதாகப் பேராச்சியையும் அவள் ஆட்டையும்கூடச் சொல்லி முடித்தார். ஈச்சங்குடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடேயப்பா!" என்றான் அரசன். அவன் தூக்கம் கலைந்திருந்தது. "ஒருவர் விடாமல் அறிந்து வைத்திருக்கிறீரே."

"ஒருவர் விடாமல், மன்னவா" என்றார் தளவாய்.

ஆவுடை கொம்பையாவிடம் திரும்பினாள். "மணியக்காரரே, தளவாய்க்கும் உங்கள் ஊருக்கும் ஒட்டுறவு எப்படி?"

கொம்பையா மெல்ல நடந்து சபை நடுவிலிருந்த தூணின் முன்னால் போய் நின்றார்.

"ஏ தூணே, அந்த மனுசனோட எங்க ஊர்ல ஒரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னு மகாராசாகிட்டச் சொல்லு."

நாற்பத்தொரு பேரும் தூணைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஆவுடை, முன்னைய காவல்காரர் விட்டுப்போன ஊர்க்காவல் தடியைக் கொண்டுவந்து தளவாயின் காலடியில் வைத்தாள்.

"ஊரில் ஒவ்வொருவரையும் அறிந்தவர். ஒருவரோடும் ஒட்டுறவு இல்லாதவர். இன்று பதினைந்தாம் நாள், சபையில் நிற்கிறார். மன்னவர் சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறேன்."

அரசன் தடியைப் பார்த்தான், தளவாயைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"மன்னவா, நான் படைத்தலைவன்!"

"அதனால் என்ன? சிப்பாய்கள் வேண்டாம், நீர் ஒருவரே போதும். ஊரார் சம்மதித்தால் நாளைக்கே புறப்படலாம். மணியக்காரரே?"

"தூணே" என்றார் கொம்பையா, "கோழி கம்மின்னு முன்னமே சொல்லியிருக்கோமே."

அரசன் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பிறகு யார்தான் வேண்டும் உங்களுக்கு?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஈச்சங்குடியில் ஐந்து மாதம் ஆகும். வடிவு சொன்னாள்: "பேராச்சி மதினியே இருக்கட்டும் மகாராசா. நேத்து அவ வீட்டுல உக்காந்து பலகாரம் தின்னுட்டு, இன்னிக்கு முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அவ சொன்னதுல ஒண்ணும் பொய்யும் இல்ல."

"ஆனால் இப்போது உறவாகிவிட்டாளே. வேண்டியவர் பக்கம் சாய மாட்டாளா?"

பேராச்சி பழக்கத்தில் ஆட்டைத் தேடித் திரும்பினாள். ஆடு வரவில்லை. அரசனிடமே நேராகச் சொன்னாள்.

"அந்தக் கவலை வேணாம் மகாராசா. கொம்பையா அண்ணன் நகத்தின கல்லு நகத்தின எடத்துலயேதான் கெடக்கு. ஊருக்குப் போனதும் மொத வேலை அதுதான்."

கொம்பையா தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசன் சிரித்த சிரிப்பு வெளி மண்டபம்வரை கேட்டது. தடியைப் பேராச்சியிடம் கொடுக்கச் சொன்னான். முன்பு அறுந்து மறுபடி கோக்கப்பட்ட தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையிடம் கொடுத்தான். தளவாய் இனி ஆவுடையின் கையால்தான் வெற்றிலை வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டான். தளவாய் கை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். சுண்ணாம்பு அளவாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஆவுடை ஈச்சங்குடிப் பக்கம் போனாள். வரப்புக்கல் பழைய இடத்துக்கு வந்திருந்தது. களவு ஒன்றுகூட இல்லை. பதினோரு வீடுகள் பேராச்சியோடு பேச்சை நிறுத்தியிருந்தன. மீதி முப்பது பேசிக்கொண்டிருந்தன. பேராச்சி மோர் ஊற்றிக் கொடுத்தாள், ஆட்டைக் கேட்காமலே. தம்ளர் புதியதுதான். இப்போது அது இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது.