நூலாயி போட்ட தண்ணீர்ப்பந்தல்

முள்காட்டின் நடுவே ஒரு புங்கமரம். அதன் நிழலில்தான் குட்டி விலங்குகளின் பள்ளிக்கூடம் நடந்தது. பாடம் சொல்பவர் ஆமை வாத்தியார்.

பங்குனி பிறந்தது. வாத்தியார் எல்லாரையும் கூப்பிட்டார்.

"பிள்ளைகளா! இந்த மாசம் பாடம் கிடையாது. காட்டுக்கு உபயோகமா ஒரு காரியம் செய்யுங்க. என்ன செய்யறது, யார் செய்யறது, எல்லாம் உங்க பாடு. என்கிட்ட யோசனை கேட்டா, தலையை உள்ளே இழுத்துக்குவேன்!"

குட்டிகள் கூடிப் பேசின. ஆற்றுக்குப் போகிற பாதையில் வெயில் காலத்தில் சுருண்டு விழுகிறவர்கள் நிறைய.

"தண்ணீர்ப்பந்தல் போடுவோம்!" என்றது முயல்குட்டி செவத்தி.

எல்லாம் குதித்தன. தையல்சிட்டு நூலாயியைத் தலைவராக்கின. இலையோடு இலை சேர்த்துத் தைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. நூலாயிக்கு நெஞ்சு விம்மியது.

வேலையும் பிரித்தாயிற்று. செவத்தி தொன்னை தைக்க வேண்டும். கரடிக்குட்டி மொக்கையன் கூரை மேய வேண்டும். யானைக்கன்று பேச்சிமுத்து சுனையில் மொண்டுவந்து பாறைக்குழியை நிரப்ப வேண்டும்.

முதல் நாள் வேலை முடிந்து எல்லாம் வீட்டுக்குப் போயின. நூலாயி சுற்றிப் பார்த்தது. ஐயோ! செவத்தி முள் குத்திய தொன்னையில் ஓட்டை. மொக்கையன் மேய்ந்த கூரை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"இதை யாராவது பார்த்தா சிரிப்பாங்களே!"

யாரிடமும் சொல்லவில்லை. அலகால் எல்லாவற்றையும் பிரித்தது. அது உட்கார்ந்து மறுபடி தைத்தது. தினமும் மற்றவை போன பிறகு இதே வேலை. பேச்சிமுத்து ஊற்றிய தண்ணீரைக்கூட விடவில்லை. சேறு அடியில் படியட்டும் என்று இலையால் மூடிவைத்து, "இனிமே நீ ஊத்தாதே, கலங்கிடும்!" என்று சொல்லிவிட்டது.

திறப்பு நாள் வந்தது. பந்தல் கண்ணைப் பறித்தது. கோணல் இல்லை, ஓட்டை இல்லை.

செவத்தி ஓடிவந்து தொன்னைகளை ஒவ்வொன்றாகப் புரட்டியது.

"நான் செஞ்சது எங்கே?"

"அது ஒழுகுச்சு. பிரிச்சுட்டேன். உனக்குப் பதிலா நானே நல்லதா தச்சு வச்சிருக்கேன், பாரு!"

"அப்போ இது உன்னுது" என்று தொன்னையைக் கீழே வைத்தது செவத்தி.

மொக்கையன் தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்திருந்தது. மேலே பார்த்தது. அது மேய்ந்த கூரையில் ஒரு கீற்றுகூட அங்கே இல்லை.

"எதுடா நீ மேஞ்சது?" என்று கேட்டது அம்மாக் கரடி.

மொக்கையன் அம்மாவின் கையை விட்டுவிட்டு நடந்தது. செவத்தியும் போயிற்று. ஏற்கெனவே வேலை இல்லாமல் நின்ற பேச்சிமுத்துவும் பின்னாலேயே போயிற்று.

"போனா போகட்டும்! வேலை எல்லாம்தான் முடிஞ்சுதே!" என்றது நூலாயி. சொன்ன குரல் வெறும் பந்தலில் அதற்கே கேட்டது.

வெயில் ஏறியது. பாதையில் யாருமில்லை. நூலாயி ஒரு தொன்னையை நேராக்கியது. அதையே மறுபடி நேராக்கியது. "நல்லாயிருக்கு, இல்லே?" என்று கேட்கக் கூட ஆளில்லை.

உச்சிவேளையில் ஒரு மான்கூட்டம் தள்ளாடி வந்தது. முட்டி மோதிக் குடித்தது. கடைசியாக ஒரு குட்டிமான் வந்து சேர்ந்தபோது, குழியில் ஈரம்தான் மிச்சம். அது கால் மடங்கிப் படுத்துவிட்டது.

"அம்மா தாயே, என் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி!" என்று கதறியது தாய்மான்.

நூலாயி சுனைக்குப் பறந்தது. அலகில் எவ்வளவு பிடிக்கும்? ஒரு சொட்டு. அதுவும் வழியிலேயே காய்ந்துபோனது. மறுபடி பறந்தது. மறுபடியும் வெறும் அலகு.

"ஐயா! நான் என்ன செய்யட்டும்?" என்று புங்கமரத்தடிக்குப் போய் வாத்தியாரிடம் அழுதது.

வாத்தியார் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். காட்டில் அவ்வளவு தனியாக நூலாயி என்றுமே நின்றதில்லை.

நூலாயி ஆற்றங்கரைக்குப் பறந்தது. அங்கே மூன்று குட்டிகளும் மணலில் கிடந்தன.

"பாருங்கடா, தலைவரம்மா வர்றாங்க! மணலை நேரா அடுக்குங்க!" என்றது செவத்தி.

"நான் ஊத்தினா கலங்குமே?" என்றது பேச்சிமுத்து.

நூலாயி தரையில் இறங்கியது.

"நீங்க செஞ்சதை எல்லாம் பிரிச்சேன். தப்புத்தான். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, ஆனா அப்புறமா சொல்லுங்க. அங்கே ஒரு மான்குட்டி படுத்துடுச்சு. அதைக் காப்பாத்த என்னால ஆகலை!"

பேச்சிமுத்துதான் முதலில் எழுந்தது. வழியிலேயே சுனையில் தும்பிக்கை நிறைய உறிஞ்சிக்கொண்டு ஓடியது. மொக்கையன் மான்குட்டியின் தலையை மடியில் தூக்கி வைத்தது. செவத்தி தொன்னையில் தண்ணீர் பிடித்து அதன் வாயருகே நீட்டியது.

தண்ணீர் ஒரே கலங்கல். நூலாயி பார்த்தது. அலகை இறுக்க மூடிக்கொண்டது.

மான்குட்டி குடித்தது. இன்னொரு தொன்னையும் குடித்தது. காதை ஆட்டியது. எழுந்து நின்றது!

அந்தி சாயும்வரை பந்தலில் தண்ணீர் குறையவில்லை. வேலை முடிந்ததும் குட்டிகள் மறுபடி கூடின. இம்முறை மொக்கையன் தலைவர். நூலாயி தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பக்கத்தில் வா என்று யாரும் அழைக்கவில்லை.

வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மொக்கையன் நிமிர்ந்து பார்த்தது.

"ஏ நூலாயி! நீ என்ன செய்யறே?"

"நீங்க எது சொன்னாலும்."

"அப்போ காலையில நேரத்தோட வந்துடு" என்று சொல்லிவிட்டு மொக்கையன் நடந்தது.

நூலாயி தனியாகத்தான் வீட்டுக்குப் பறந்தது. ஆனாலும் விடிவதற்குள் எழுந்துவிட வேண்டுமே என்ற கவலையோடு பறந்தது.

அடுத்தவர் கையின் கோணலைப் பொறுக்காதவர், எத்தனை நேர்த்தியாகச் செய்தாலும் தனியாகத்தான் நிற்க நேரும்.