வலது பக்கமே போன பந்து

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு நாற்பத்தொன்பது. இதைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம்.

குருவின் பெயர் மெற்றில்டா. சிலுவைத்துறைக் கல்லூரியில் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக் கோச். பையன்களுக்கு ஒரு பொம்பளையா என்று ஊர் கேட்டது. கேட்டவர்களில் ஒருவருக்கும் பந்தைத் தட்டத் தெரியாது.

சீடர் தனிஸ்லாஸ், உதவிக் கோச். இள வயசில் மாநில அணிக்கு ஆடியவர். மெற்றில்டா வேலைக்குச் சேர்ந்த வாரமே வீட்டில் மனைவியிடம், "அந்தப் பிள்ளைகிட்ட என்னமோ இருக்கு, அது என்னன்னு தெரிஞ்சுக்காம விடமாட்டேன்" என்று சொன்னார். மூன்று வருஷமாகத் தெரிந்துகொண்டே இருந்தார். இருவரும் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "குரு வர்றாங்க, பின்னாலேயே சிஷ்யப் பிள்ளையும் வருது" என்று எவராவது கிண்டலடிப்பார்கள்.

தனிஸ்லாஸிடம் ஒரே ஒரு கோளாறு. யார் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு குத்தல் இருப்பதாக அவர் காதில் விழும்.

"அண்ணே, தண்ணி கேன் வந்துட்டா?" என்பாள் மெற்றில்டா.

"ஏன், நான் மறந்துருவேன்னு நினைச்சீங்களா?"

"வந்துட்டுன்னா சரி."

அவ்வளவுதான். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். அதுவும் அவருக்கு ஒரு குத்தலாகத் தெரியும்.

இந்தக் காதை வளர்த்துவிட்டவர் பழைய கோச் மரியதாசன். "நீயெல்லாம் ஸ்டேட்டுக்கு ஆடினவனா? யார் காலைப் பிடிச்சுட்டுப் போன?" என்று பையன்கள் முன்னாலேயே பதினாறு வருஷம் கேட்டவர். அவர் ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூருக்குப் போயே மூன்று வருஷம் ஆகிறது. காது இன்னும் சிலுவைத்துறையில்தான் இருந்தது.

அந்த வருஷம் சிறு கல்லூரிகளுக்கென்று தனியாக நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அணி முதல் தடவையாகத் தகுதி பெற்றது. போட்டி நாக்பூரில். பையன்கள் கருவாட்டுத் தொக்கு பாட்டில்களோடு ரயிலேறினார்கள். பெட்டியில் இருந்த மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு இடம் தேடிப் போனதால் காலை நீட்டி உட்கார வசதியாக இருந்தது.

"மேடம், இந்தப் போட்டியோட நான் விலகிக்கிறேன்" என்றார் தனிஸ்லாஸ்.

"ஏன் அண்ணே?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே போயிரலாம்னுதான்."

"நான் எதைச் சொல்றதுக்கு முன்னாடி?"

"போன்னு."

"விலகிட்டு என்ன செய்வீங்க?"

"மச்சினன் ஐஸ் கம்பெனில உக்காருவேன்."

"பந்து?"

"பந்தெல்லாம் அப்புறம் எங்க? முடிஞ்சது."

"ஃபைனல் வரைக்கும் போவோம். பொறவு பேசலாம்."

பார், போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தனிஸ்லாஸ் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

நாக்பூரில் பெரிய உள்ளரங்கம். மரத்தரை, மேலே கூரை, பகலிலும் விளக்கு. கூரைக்குக் கீழே ஆடுவது சிலுவைத்துறைக்கு அதுவே முதல் தடவை. ஆரம்ப ஆட்டங்களில் வளையத்துக்குக் கீழேயே ஓடிப்போய்ப் பந்தைப் போட்டு ஜெயித்துவிட்டார்கள். அரையிறுதியில் எதிரணி வளையத்தடியில் சுவர் மாதிரி நின்றது. தூரத்திலிருந்து எறிந்தாக வேண்டும்.

அங்கேதான் ஆரம்பித்தது. ஊரில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் போடுகிற ரீகன் எறிந்தான். பந்து வளையத்தின் வலது விளிம்பில் அடித்து வெளியே போனது. மறுபடி எறிந்தான். மறுபடியும் வலது விளிம்பு. சுயம்பு எறிந்தான், அதுவும் வலது. எப்படியோ இழுத்துப் பறித்து ஒரு புள்ளியில் தப்பித்து இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

"மேடம், எல்லாப் பந்தும் ஏன் வலது பக்கமே போகுது?" என்று தனிஸ்லாஸ் கேட்டார்.

"நானும் அதைத்தான் பாத்தேன்."

"ஏன்னு கேக்கேன்."

"தெரியலண்ணே. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக் காட்டுறீங்க."

"எனக்குத் தெரியலன்னு சொன்னேன்."

மறுநாள் காலை அரங்கம் திறந்ததும் தனிஸ்லாஸ் முதல் ஆளாக உள்ளே போனார். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பந்தைத் தரையில் உருட்டிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். காதில் வைத்துக்கூடப் பார்த்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. விளக்கு கண்ணைக் கூசுகிறதோ என்று ஒவ்வொரு இடமாக நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது. பிறகு ஏணியை இழுத்துப் போட்டு ஏறி வளையத்தைச் சாணால் அளந்தார்.

மெற்றில்டா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற என்ன, வளையத்தைத் திருகி வச்சிருக்கானுவ! சின்ன காலேஜுன்னா அவ்வளவு இளக்காரம்" என்றார் மேலேயிருந்து.

"வந்திருக்கிறது எல்லாமே சின்ன காலேஜ்தான அண்ணே?"

தனிஸ்லாஸ் ஏணியிலிருந்து இறங்கினார். அதற்குள் இறுதி ஆட்டத்தில் மோத வேண்டிய பஞ்சாப் பையன்கள் பயிற்சிக்கு வந்தார்கள். அதே வளையம். எறிந்ததெல்லாம் நடு வளையத்தில் விழுந்தது. தனிஸ்லாஸ் ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய் ஓரமாகச் சாத்தினார்.

உடைமாற்றும் அறையில் சுயம்பு முருகன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியிருந்தான். மெற்றில்டா உள்ளே வந்தவள் நின்றாள். படத்துக்கு முன்னால் எழும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுயம்பு, இதுல ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா? சாமி கோவிச்சுக்குவாரா?"

"உங்க மேல கோவிச்சுக்க அவருக்கு மட்டும் தைரியம் இருக்குமா மிஸ்?"

ஊதுபத்தியோடு அவள் ஆடுகளத்தின் நடுவில் போய் நின்றாள். மரத்தரையில் நெருப்பா என்று காவல்காரர் இந்தியில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, சாம்பல் விழாமல் இன்னொரு கையைக் கீழே ஏந்திக்கொண்டாள்.

"அண்ணே, இந்தப் புகையைப் பாருங்க."

"என்ன பாக்க? நேரா மேல போகுது."

"நம்ம ஊர்ல எப்படிப் போகும்?"

தனிஸ்லாஸ் புகையைப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நின்றது. சிலுவைத்துறையின் சிமெண்ட் மைதானம் அவர் கண் முன்னால் வந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒரு வளையம் எப்போதோ விழுந்துபோனது. மிச்சமிருக்கும் ஒற்றை வளையத்தில்தான் எல்லாருடைய பயிற்சியும். எறிபவனுக்கு வலது பக்கம் கடல். பயிற்சி நடப்பதோ சாயங்காலம், கடற்காற்று வீசுகிற நேரம். அங்கே வளையத்தைப் பார்த்து எறிந்தால் பந்து இடது பக்கம் போய்விடும். அதனால் ஒவ்வொருவனும் கொஞ்சம் வலது பக்கமாக எறிந்தான், காற்று அதைக் கொண்டுபோய் வளையத்தில் போட்டது. வெளியூர் மைதானத்தில் விழாதபோதெல்லாம் அந்த ஊர்க் காற்றைத் திட்டிக்கொண்டார்கள்.

"இல்லாத காத்துக்கு எறியுதானுவ!" என்றார் தனிஸ்லாஸ்.

காவல்காரர் ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

"பையங்ககிட்ட நான் சொல்லட்டுமா மேடம்?"

"சொல்லுங்கண்ணே."

அவர் ஓடினார். நாற்பத்தொன்பது வயதில் அப்படி ஓடி அணியில் யாரும் பார்த்ததில்லை.

"லே, எல்லாரும் கேளுங்க! இங்க காத்தே கிடையாது. வலது பக்கம் எறிஞ்சு பழகிட்டீங்க. இனிமே கொஞ்சம் இடது பக்கம் பாத்து எறிங்க. அம்புட்டுதான்!"

மத்தியானம் இறுதி ஆட்டம். ரீகன் இடது பக்கம் பார்த்து எறிந்தான். பந்து இடது விளிம்பில் அடித்து வெளியே போனது. அடுத்தது கொஞ்சம் குறைத்து எறிந்தான், அது வலது பக்கம் போனது. மூன்றாவது வளையத்தையே தொடவில்லை. சுயம்பு எறிவதற்கு முன் நிதானித்து யோசித்தான், யோசிக்கிற நேரத்தில் பஞ்சாப்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். பாதி ஆட்டம் முடிந்தபோது பன்னிரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

தனிஸ்லாஸ் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திட்டணும்னா இப்பவே திட்டிருங்க மேடம்."

"அண்ணே, அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க."

எடுத்து நீட்டினார். என்னைத் தண்ணி தூக்கிக் கொடுக்கத்தான் லாயக்கு என்கிறாள் என்று நினைத்தார்.

மெற்றில்டா பையன்களை அவர்கள் அடுத்து எறிய வேண்டிய வளையத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். பாட்டிலைத் திறந்தாள்.

"எல்லாரும் ஒரு விரலை நனைச்சு மேல தூக்குங்க."

பாதிப் பேர் வள்ளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கடலுக்குப் போகிற அப்பன்மார் அப்படித் தூக்கிப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்தே கண்டவர்கள். வரிசையாக விரலைத் தூக்கினார்கள். நடுவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மாதிரி நிற்கிறார்களே என்று கேலரி சிரித்தது. எவனோ விசிலடித்தான்.

"எந்தப் பக்கம் குளிருது?"

"எந்தப் பக்கமும் இல்ல மிஸ்."

"அவசரப்படாத ரீகன். நல்லாப் பாரு."

ரீகன் விரலை மெல்லத் திருப்பினான். சட்டென்று அவன் முகம் மாறியது. பல்லில் மாட்டியிருந்ததை நாக்கு கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"ஒண்ணுமே இல்ல மிஸ்."

"இப்ப எறி."

எறிந்தான். பந்து வளையத்தில் படாமல் வலையைச் சுண்டிவிட்டு இறங்கியது.

மீதி ஆட்டத்தை நாக்பூரே எழுந்து நின்று பார்த்தது. சிரித்த கேலரி இப்போது "மதராசி, மதராசி" என்று கத்தியது. மதராஸுக்கும் சிலுவைத்துறைக்கும் எவ்வளவு தூரம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பன்னிரண்டு எட்டானது, எட்டு ஐந்தானது. கடைசியில் இரண்டு புள்ளிதான் பாக்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்து ரீகன் கையில். எறிந்தான்.

பந்து நேராகப் போனது. வலதும் இல்லை, இடதும் இல்லை, கோடு போட்ட மாதிரி நேராக. வளையத்தின் முன் விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தது. மணி அடித்துவிட்டது.

பரிசு கொடுத்து முடித்தார்கள். பையன்கள் இரண்டாம் பரிசுக் கோப்பைக்குள் ஆரஞ்சுச் சுளைகளைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே வெளியே போனார்கள். அழுதவனும் சாப்பிட்டான். காலியான அரங்கத்தில் மெற்றில்டா பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். தனிஸ்லாஸ் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் அதைத்தான சொன்னேன் மேடம்? காத்து இல்லன்னு. நான் சொன்னா ஏன் நடக்கல?"

"நீங்க சொன்னீங்கண்ணே. அவங்க நம்பினாங்க."

"அப்புறம் என்ன?"

"கை நம்பல."

கடைசிப் பந்து பைக்குள் போனது. தனிஸ்லாஸ் பையை இறுக்கிக் கட்டினார். கட்டிய பிறகும் முடிச்சை விடவில்லை.

"முதல் பாதி என்னாலதான் போச்சு. அந்தப் பன்னிரண்டு புள்ளியும் என்னுது. கப்பு போனது என்னால."

மெற்றில்டா ஒன்றும் சொல்லவில்லை.

"இப்படிச் சும்மா இருக்கீங்க பாத்தீங்களா, அதான் தாங்கல. மூணு வருஷமா எப்ப எப்பன்னு காத்துக்கிட்டு இருக்கேன். நீயெல்லாம் ஆடினவனான்னு ஒரு தடவை கேட்டுருங்க மேடம். வாய்க்குள்ள வச்சிருக்கிற எல்லாத்தையும் சேத்துச் சொல்லிருங்க. கேட்டுட்டு நான் ஐஸ் கம்பெனிக்குப் போறேன்."

மேலே ஒவ்வொரு விளக்காக அணைக்க ஆரம்பித்தார்கள். மெற்றில்டா பெஞ்சில் கிடந்த தண்ணி பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியைத் திருகி அவரிடம் நீட்டினாள்.

தனிஸ்லாஸ் வாங்கி, அண்ணாந்து வாய்க்கு மேலே தூக்கினார்.

"குடிக்க இல்லண்ணே" என்றாள் மெற்றில்டா. "விரலை நனைங்க."