தீனி டப்பாவின் பாசம்

முன்பொரு சமயம் திருநெல்வேலி டவுனில், இசக்கிமுத்து அண்ணாச்சியின் சலூனில் ஒரு மீன்தொட்டி இருந்தது. தொட்டிக்குள் ஒரே ஒரு தங்கமீன். பெயர் குண்டன். தொட்டிக்கு மேலே பலகையில் ஒரு தீனி டப்பா. இந்தக் கதை அந்த டப்பாவைப் பற்றியது.

டப்பாவுக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்காதா பின்னே? அந்தக் கடையில் ஒரு வழக்கம். முடிவெட்ட வரும் சின்னப் பிள்ளைகள் கத்தரியைப் பார்த்ததும் வீறிட்டு அழும். அப்பன் மடியில் இருத்தி அமுக்கிப் பிடித்தாலும் தலை ஒரு நிலையில் நிற்காது. உடனே அண்ணாச்சி டப்பாவைத் திறந்து, பிள்ளையின் உள்ளங்கையில் நாலு உருண்டை தீனி வைப்பார். பிள்ளை ஒவ்வொன்றாகப் போடும், குண்டன் வாயைப் பிளந்து கவ்வுவான், அழுகை நிற்கும், கத்தரி ஓடும். ஞாயிற்றுக்கிழமையானால் பதினைந்து பிள்ளைகளுக்குக் குறையாது. கத்தரியும் சீப்பும் செய்ய முடியாத காரியத்தைத் தான் செய்வதாக டப்பா நினைத்துக்கொண்டது. அது பொய்யும் இல்லை.

குண்டன் என்றால் டப்பாவுக்கு உயிர். அவனும் அதை அக்கா என்றுதான் கூப்பிடுவான். டப்பாவைச் சாய்க்கும்போதெல்லாம், அண்ணாச்சி கேட்டதற்கு மேல் ஒன்றிரண்டு உருண்டை தானாகத் தவறி விழும். தவறியா விழுந்தது? எல்லாம் பாசம்தான்.

ஒரு ஆனி மாதம் குண்டன் சோர்ந்துபோனான். முதுகுத் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கி நின்றான். உருண்டை மூக்குக்கு நேரே விழுந்தாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரோ, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலத் தெளிந்து கிடந்தது. அதனால் தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை. தீனி பத்தவில்லையோ என்று அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் போட்டார். டப்பா அதற்கும் மேலே கொஞ்சம் போட்டது. அவன் தின்னாமல் விட்டதெல்லாம் கல்லிடுக்கில் போய் ஊறிக் கிடந்தது.

கடைசியில் அண்ணாச்சி, குண்டனை விற்ற மீன்கடைக்காரி செல்வமேரியை வரச் சொன்னார். அவள் ஒரு கண்ணாடிக் குழாயும் சொட்டுமருந்துப் புட்டி இரண்டும் கொண்டுவந்தாள். குழாயில் தொட்டித் தண்ணீரை அளந்து எடுத்து, முதல் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு, இரண்டாவதை நன்றாகக் குலுக்கி அதிலிருந்து பத்துச் சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் ஆட்டிவிட்டு மேஜையில் வைத்தாள். மஞ்சளாக நின்றால் நல்லது என்றாள். ஐந்து நிமிஷத்தில் அது பீட்ரூட் சாறு மாதிரிச் சிவந்துவிட்டது. வாளியில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரையும் அதேபோல் சோதித்தாள். அது மஞ்சளாகவே நின்றது.

"தெளிவா இருக்குன்னு நம்பக்கூடாது அண்ணாச்சி. நைட்ரேட்டுன்னு ஒரு நஞ்சு ஏறிக் கெடக்கு. நீங்க போடுத தீனியும் அவன் கழிக்கதும் வேற எங்க போவும்? இப்படியே விட்டா பத்து நாள் தாங்க மாட்டான்."

மொத்தத் தண்ணீரையும் இப்போதே கொட்டிவிடவா என்று அண்ணாச்சி கேட்டார். அப்படிச் செய்தால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுவான் என்று அவள் தடுத்தாள். தினமும் கால்வாசியை மட்டும் எடுத்துவிட்டு, வாளியில் ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். கல்லிடுக்கில் கிடக்கும் கசடை ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். தீனி இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் இரண்டே உருண்டை.

மத்தியானம் அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் தலை மறைந்ததும் டப்பா தண்ணீரிடம் சண்டைக்குப் போனது. பளபளவென்று சிரித்துக்கொண்டே உள்ளே விஷத்தை வைத்திருந்தாயே, நீ உருப்படுவாயா என்று வாய்க்கு வந்தபடி ஏசியது.

தண்ணீருக்குக் கோபம் வரவில்லை. "நீ தந்ததைத்தான் நான் வச்சிருக்கேன். அவன் தின்னதும் என்கிட்டதான் வருது, தின்னாம விட்டதும் என்கிட்டதான் வருது. நான் எங்க கொண்டு போய்ப் போட?"

டப்பா, தொட்டிச் சுவரில் மாட்டியிருந்த வடிகட்டியின் பஞ்சைத் திரும்பிப் பார்த்தது. இராப்பகலாக ஓடும் நீ என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று அதையும் ஒரு பிடி பிடித்தது.

"பெரிய நஞ்சைச் சின்ன நஞ்சா மாத்தி விடுவேன். அதுவரைக்கும்தான் என்னால முடியும்" என்றது பஞ்சு. "சின்னது சேந்து சேந்து பெருசானா, வெளிய கொண்டு கொட்ட எனக்குக் கை கெடையாது."

மிச்சம் இருந்தது செல்வமேரி மேஜையில் விட்டுப்போன கண்ணாடிக் குழாய்தான். நீ காட்டிய சிவப்பு பொய்யாக இருக்கலாம் இல்லையா என்று டப்பா அதனிடம் கேட்டது. கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு யார் மேலயும் பகை இல்ல. தண்ணியில நஞ்சு இருந்தா செவப்பேன். இல்லைன்னா மஞ்சளா நிப்பேன்."

அத்தனையும் தன் வயிற்றிலிருந்து போனதுதான் என்று டப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பாசத்தைத் தவிர வேறெதையும் போட்டதாக அதற்கு நினைவில்லை. அந்த நினைப்பே அதைப் போட்டு வாட்டியது.

மறுநாளிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மாறியது. செல்வமேரி ஒரு மணிபிளான்ட் கொடியை வேர் நனையும்படி மூலையில் செருகிவிட்டுப் போனாள், அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சட்டும் என்று. ஆறாம் நாள் அவள் மறுபடி வந்து சோதித்தபோது குழாயில் சிவப்பு வடிந்து ஆரஞ்சுக்கு வந்திருந்தது. இன்னும் நாலு நாள் பொறுத்தால் மஞ்சளைப் பார்த்துவிடலாம் என்றாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றை அதன் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். கத்தரியைக் கண்டதும் அது போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. மீனுக்குத் தீனி போடச் சொல்லுங்கள், அழுகை நின்றுவிடும் என்று அப்பாவே கேட்டார். அண்ணாச்சிக்கும் மனசு இளகியது. முந்தின நாள்தான் தீனி போட்டிருந்தார். இருந்தாலும் பழகிய கை, டப்பாவை எடுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குண்டன் மேலே வந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"யக்கா, ஒரே ஒரு உருண்டை."

டப்பாவுக்கு உள்ளே இருந்த தீனியெல்லாம் கலகலத்தது. இந்தப் பக்கம் பிள்ளை அழுகிறது, அந்தப் பக்கம் இவன் கெஞ்சுகிறான். ஒன்றே ஒன்றுதானே, என்ன ஆகிவிடும் என்று ஒரு நொடி நினைத்தது. அப்படி ஒன்றொன்றாகப் போனதுதான் அத்தனையும்.

"இன்னைக்கு இல்லப்பா."

"ஒனக்கு என் மேல பிரியம் போயிட்டா யக்கா?"

டப்பா பதில் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் மூடி நெகிழ்ந்துவிடும். அண்ணாச்சி திருகினார், அது வரவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினார், அப்போதும் வரவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி டப்பா தன் மூடியைக் கடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவர் சலித்துப்போய் அதைப் பலகையிலேயே வைத்துவிட்டார். பிள்ளை அழுது முடிப்பதற்குள் முன்முடி படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுப்போனது. அதன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

குண்டன் அதுவரைக்கும் காத்துப் பார்த்தான். பிறகு முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு, டப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாலால் ஓங்கி ஒரு அடி அடித்தான். தண்ணீர் தெறித்துப் பலகை நனைந்தது. இனிமேல் உன்னோடு பேச்சே இல்லை என்றான்.

டப்பா நனைந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.