கோணமங்கலத்துக் கார் நம்பர் வாங்கிய கதை

கோணமங்கலத்தில் சன்னாசி, ஒச்சப்பன், மொக்கராசு என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். பம்ப்செட், டிராக்டர், மாவு மில் எது நின்றாலும் இவர்கள் கை வைத்தால் ஓடும். கையில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் காதுக்கும் மூளைக்கும் நடுவில்தான். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். "கொஞ்சம் கடையைப் பார்த்துக்கங்க" என்று ஒருநாள் செட்டியார் சொல்லிவிட்டுப் போக, மூவரும் எதிரே நின்று கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழைத்தாரை மாடு தின்றதையும் பார்த்தார்கள்.

சன்னாசியின் மகள் பாண்டீஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊர் எட்டு மைல். "வாடகைக் கார் வேண்டாம்ப்பா. நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒரு கார் செய்ங்க, அதுலதான் மண்டபத்துக்குப் போவேன்" என்றாள் அவள். சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வேலை ஆரம்பம்.

மாதிரிக்கு ஒரு காலண்டர் கிடைத்தது. அதில் அந்தக் காலத்து நீலக் கார் ஒன்று பக்கவாட்டில் நின்றது. பழைய வேன் என்ஜினை வைத்து, தகரம் வளைத்து, அச்சு அசலாக அதே காரை மூன்று மாதத்தில் செய்து முடித்தார்கள். நடுவில் ஒரே ஒரு சிக்கல்.

"அண்ணே, படத்துல ரெண்டு சக்கரம்தான் தெரியுது" என்றான் மொக்கராசு.

ஒச்சப்பன் நெடுநேரம் யோசித்தான். "அந்தப் பக்கம் சக்கரம் இல்லேன்னா படத்துலயே சாஞ்சிருக்கும். சாயலை. அதனால இருக்கு."

"அப்ப கதவு?"

"கதவு இல்லாட்டி கார் சாயாது. அதனால இருக்குன்னு சொல்ல முடியாது."

இப்படியாகக் காருக்கு நாலு சக்கரமும், ஸ்டியரிங் பக்கம் மட்டும் கதவும் வந்தன.

கார் முடிந்ததும் மூவரும் டவுனுக்குப் பஸ் ஏறி, வண்டி பதிவு செய்கிற ஆபீசுக்குப் போனார்கள். அங்கே ஆய்வாளர் மேரி ஸ்டெல்லா. நல்ல மனுஷி, பொறுமைசாலி. அன்றைக்கு வரைக்கும்.

"வீட்டுல செஞ்ச வண்டியா? அடிச்சட்டத்துல பதினேழு எழுத்துல ஒரு நம்பர் வெட்டுங்க. அந்த நம்பரைப் பென்சிலால தேச்சு எடுத்துட்டு வாங்க. நகலுக்கு அரசாங்க அதிகாரிகிட்ட பச்சை மையில சான்றொப்பம் வாங்கிக்கங்க. பதிவு ஆகற வரைக்கும் வண்டியை ரோட்டுல ஓட்டக்கூடாது" என்றார்.

மற்றவர்களாக இருந்தால் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள், நம்பர் காகிதத்தில் பதியும். நம் ஆட்கள் முதலில் நம்பரை அழகாக வெட்டினார்கள். பிறகு அதைப் பென்சிலால் தேய்த்தார்கள். ஒருநாள் முழுக்கத் தேய்த்தும் இரும்பு அசையவில்லை. நாற்பது பென்சில் காலி.

"மேடத்துக்குப் பென்சில் வேலை தெரியும், இரும்பு வேலை தெரியாது. பாவம்" என்று சொல்லி ஒச்சப்பன் அரத்தை எடுத்தான். மத்தியானத்துக்குள் நம்பர் சுத்தமாகப் போய்விட்டது. உதிர்ந்த தூளை ஒரு பொட்டுகூடச் சிந்தாமல் பொட்டலம் கட்டினார்கள்.

அடுத்தது நகலுக்குச் சான்றொப்பம். காலண்டர் அசல், கார் நகல். அதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை. பச்சை மைப் பேனா வைத்திருக்கிற அதிகாரி அந்தப் பக்கத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர்தான்.

"மாட்டு டாக்டர் காருக்குப் போடுவாரா?" என்றான் மொக்கராசு.

"கால்நடைக்கே போடுறவரு சக்கர நடைக்குப் போட மாட்டாரா?" என்றார் சன்னாசி.

ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்ததால் காரில் இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துப் போனார்கள். மாடு வந்ததால் டாக்டரும் உடனே வெளியே வந்துவிட்டார். ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அவசரம் அவருக்கு. காலண்டரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், இவர்கள் முகத்தைப் பார்த்தார். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பானட்டின் மேல் 'அசலுடன் ஒப்பிட்டேன், உண்மை நகல்' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் மாட்டுக் கார் ஆபீஸ் வாசலில் நின்றது. சன்னாசி உள்ளே போய்ப் பொட்டலத்தை மேசையில் பிரித்தார்.

"என்னய்யா இது?"

"நம்பருங்க. நீங்க சொன்னபடி தேச்சு எடுத்துட்டு வந்துட்டோம். பதினேழும் இதுல இருக்கு. எண்ணிப் பார்த்துக்கங்க மேடம்."

மேரி ஸ்டெல்லா ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வெளியே வந்து பானட்டைப் படித்தார். "இதாங்க அசல்" என்று மொக்கராசு காலண்டரை நீட்டினான். காரைச் சுற்றி வந்தார். ஒரு பக்கம் பளபளவென்று நீலம். மறுபக்கம் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சுவர் மாதிரி ஒரே வெள்ளை.

"ஏன் இந்தப் பக்கம் இப்படி இருக்கு? காலண்டர்ல இந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு யோசிக்கவே இல்லையா?"

"திருப்பிப் பார்த்தோமே மேடம்" என்றான் ஒச்சப்பன். "பின்னாடி வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"இதுக்கு நம்பர் கிடையாது. கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு மேரி ஸ்டெல்லா உள்ளே போய்விட்டார்.

கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. சன்னாசி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் காரின் படியிலேயே உட்கார்ந்திருந்தார். பாண்டீஸ்வரி விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். அப்பா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் அவளே ஆபீசுக்குப் போனாள்.

"மேடம், எங்க அப்பாவும் சித்தப்பாக்களும் ஏமாத்துறவங்க இல்லை. சொன்னா சொன்னதை மட்டும்தான் செய்வாங்க. அதனால சொல்றதைச் சரியாச் சொல்லணும்."

மேரி ஸ்டெல்லா இந்தப் பெண்ணைப் பார்த்தார். கல்யாண மஞ்சள் பூசிக்கொண்டிருக்க வேண்டியவள், விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனசு இளகிவிட்டது. இருவரும் உட்கார்ந்து, தப்பாக எடுத்துக்கொள்ள வழியே இல்லாதபடி எழுதினார்கள். 'நம்பரை மறுபடி வெட்டவும். பிறகு அதைத் தொடவே கூடாது. நீலப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறதோ, அதெல்லாம் வெள்ளைப் பக்கத்திலும் இருக்க வேண்டும்.'

நாலாம் நாள் கார் திரும்ப வந்தது. இரண்டு பக்கமும் நீலம், இரண்டு பக்கமும் கதவு. இரண்டு பக்கமும் ஸ்டியரிங்.

"இது எதுக்குய்யா?"

"அந்தப் பக்கம் இருந்துச்சுங்களே."

நல்லவேளை, இரண்டாவது ஸ்டியரிங் எதிலும் இணைக்கப்படவில்லை, சும்மா சுற்றியது. மேரி ஸ்டெல்லா அதைக் கழற்றச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் சோதித்தார். பிரேக் பிடித்தது. விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்ததில் மாடுகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வெட்டின நம்பரின் மேல் தானே காகிதம் வைத்துத் தேய்த்துக்கொண்டார், இவர்களை நம்பவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டு, புது நம்பர் பிளேட்டையும் பதிவுப் புத்தகத்தையும் கொடுத்தார். சன்னாசி இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சந்தோஷம்தானே? எப்பவும் ஞாபகம் வச்சுக்கங்க. முதல்ல பதிவு, பின்னாடிதான் வண்டி ஓட்டணும்" என்றார் மேரி ஸ்டெல்லா. சொன்ன வாயை அவர் மூடுவதற்குள் மூவரும் வெளியே போயிருந்தார்கள்.

"பின்னாடிதான் ஓட்டணும்னு சொன்னாங்களே, கவனிச்சீங்களா?" என்றான் மொக்கராசு.

"கவனிச்சேன். முன்னாடி ஓட்டினா பதிவு ரத்தாயிரும் போல" என்றார் சன்னாசி. ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

முகூர்த்த நாள் காலையில் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு எட்டு மைலும் கார் பின்னாலேயே போனது. சன்னாசி ஓட்டினார். மொக்கராசு பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வழி சொன்னான். பாண்டீஸ்வரி என்ன சொல்லியும் அப்பா கேட்கவில்லை. "அரசாங்கம் சொன்னதும்மா" என்றுவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் மண்டப வாசலில் நின்று பார்த்தார்கள். காரின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. "ஐயையோ, பொண்ணு வீட்டார் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போறாங்க!" என்று யாரோ கத்த, மாப்பிள்ளை மாலையோடு ஓடி வந்தான். அவன் ஓட ஓடக் கார் கிட்டே வந்தது. "நல்லவேளை, மனசு மாறிட்டாங்க" என்று அவன் மூச்சு வாங்கினான். அந்த ஓட்டத்தைப் பார்த்ததில் பாண்டீஸ்வரிக்கு அவனை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சாயங்காலம் அண்ணன் தம்பிகள் கிளம்பினார்கள். கார் ஏற்கனவே ஊரைப் பார்த்துத்தான் நின்றது. மூவரும் அதைச் சுற்றி நின்று கவலைப்பட்டார்கள்.

"அண்ணே, இப்படியே எடுத்தா முன்னாடியில்ல போயிரும்?"

ஆகவே மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, காரைத் தூக்கி, மண்டபத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது. மகளைக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போகலாம்.

கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையாட்டினார். ஒச்சப்பனும் கையாட்டினான். மொக்கராசுக்கும் துக்கம் தாங்காமல், பின்கண்ணாடியை விட்டுவிட்டு முன்னால் திரும்பிக் கையாட்டினான். ரோடு வளைந்தது. கார் வளையவில்லை. பின்னால் ஊருணி.

பாண்டீஸ்வரி கையாட்டுவதை நிறுத்திவிட்டு அலறினாள். "அப்பா! பின்னாடி! பின்னாடி!"

சன்னாசி தலையை வெளியே நீட்டிப் பெருமையாகச் சொன்னார். "பின்னாடிதாம்மா ஓட்டுறோம்!"

தொபுக்கென்று ஒரு சத்தம். மண்டபமே திரண்டு ஓடியது. இடுப்பளவுத் தண்ணீர்தான். கார் பின்புறம் அமிழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்று அண்ணன் தம்பிகளும் தாமரை இலைக்கு நடுவே உட்கார்ந்தபடி இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். சன்னாசி மட்டும் எட்டி முன்பக்கத்து நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, கரையில் அழுதுகொண்டிருந்த மகளுக்குக் குரல் கொடுத்தார்.

"பயப்படாதே தாயி! நம்பர் நனையலை!"