கிடையில் கேட்ட முதல் ‘ஆ’

அந்தக் காலத்தில் ஆடும் நாயும் ஓநாயும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. ஆனால் ஆட்டுக்கிடை போட்டு வாழ்ந்த மனிதர்கள் மட்டும் வலித்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். முள் குத்தினாலும் கிடா முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அலறல் கேட்டால் ஓநாய் தேடி வந்துவிடுமாம். வீம்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனிதனைக் கையில் பிடிக்க முடியுமா!

கிடைத் தலைவன் பெத்தணனின் மனைவி இருளாயி, தாயை இழந்த ஒரு செவலை நாய்க்குட்டியைக் காட்டிலிருந்து தூக்கிவந்து ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தாள். மனிதரோடு வாழ வந்த முதல் நாய் அதுதான்.

குட்டிக்குப் பல் முளைக்கும் பருவம். ஈறு நமநமவென்று அரிக்க, கம்பு, கம்பளி, கை, கால் எதையும் அது விடவில்லை. சருகு அசைந்தாலும் குரைத்தது. கடித்தாலும் அடி, குரைத்தாலும் அடி. அடிக்கிற கை விளையாட வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்திக் கடித்தது. பாவம், அதற்கு வேறென்ன தெரியும்?

ஒருநாள் சாயங்காலம் பெத்தணனின் குதிகாலில் ரத்தம் வந்துவிட்டது. அவன் முகம் மாறாமல் போய் முள்வேலியின் படலைத் திறந்தான். வெளியே புதருக்குள் ஓநாய்கள் காத்துக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும்.

“ரத்தம் பாத்த பல்லு கிடைக்குள்ள இருக்கக் கூடாது. வெளிய விடு, புள்ள.”

“வேணாங்க. பச்சப்புள்ளங்க அது.”

“இன்னிக்கு என் காலு. நாளைக்குத் தொட்டில்ல கிடக்கிற நம்ம பிள்ளையோட விரலு. அப்ப என்ன செய்வே?”

இருளாயி தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படலை நோக்கி நடந்தாள். புதருக்குள் உறுமல் கேட்டது. குட்டி நடுங்கியது.

“நான் என்ன செஞ்சேன், ஆத்தா?”

“கடிச்சியே. வலிக்குதில்ல?”

“வலிக்குமா? யாருமே சொல்லலியே!”

இருளாயி அப்படியே நின்றுவிட்டாள். உண்மைதான். அத்தனை பேர் அடித்தார்கள், ஒருவர்கூட வலிக்கிறது என்று காட்டவில்லை. அவள் தன் விரலைக் குட்டியின் வாயில் வைத்தாள். “இப்பக் கடி.”

“ஏய், கத்திப்புடாதே! ஓநாய் நிக்குது!” என்றான் பெத்தணன்.

குட்டி கடித்தது.

“ஆ!”

குட்டி சட்டென்று வாயைத் திறந்தது. காதைத் தாழ்த்தி, கடித்த இடத்தை நக்கியது. அதற்குள் புதர் விலகியது. திறந்த படலை நோக்கி ஓநாய்கள் ஓடிவந்தன. குட்டி கீழே குதித்து, தொண்டை கிழியக் குரைத்தது. ஆட்கள் கம்போடு ஓடிவந்து படலை அடைத்தார்கள். ஓநாய்கள் திரும்பிப் போயின.

குட்டி குரைப்பதை நிறுத்தவில்லை. பழக்க தோஷத்தில் ஒருவன் கம்பை ஓங்கினான். பெத்தணன் அதைப் பிடித்துக்கொண்டான். குட்டியின் பக்கத்தில் குத்தவைத்து வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

“பாத்துட்டேன்டா. போயிருச்சு. போதும்.”

குட்டி அடங்கியது. அடங்கிய கையோடு அவன் விரலை வாயில் கவ்வியது.

பெத்தணன், பிறந்ததிலிருந்து வாய்விட்டு அழுதறியாதவன், மெதுவாகச் சொன்னான்: “ஆ.”

குட்டி விரலை விட்டுவிட்டு நக்கியது.

யாராவது வந்து எட்டிப் பார்க்கும்வரை நாய்க்குட்டி குரைப்பதும், ‘ஆ’ என்றால் கடியை விட்டு நக்குவதும் அன்று தொடங்கியவைதான். ஓங்கிய கைக்கு மட்டும் அது இன்றுவரை படியவில்லை.